வாளிக்குள் ஒரு சோனோரத் தேரை: வளர்க்கலாமா, விட்டுவிடலாமா?

சாண்ட்லர்_குமரன் | ஜூலை 9, இரவு 11:52

எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் இதுதான் என் முதல் பதிவு. இதுவரை மீன் தொட்டி பற்றிய உரையாடல் இழைகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தவன்.

அரிசோனாவில் சாண்ட்லரில் இருக்கிறோம். இன்று சாயங்காலம் இந்த வருடத்தின் முதல் மழை. முதலில் புழுதிப் புயல் வந்து நீச்சல் குளத்தை ரசமாக்கிவிட்டுப் போனது, அப்புறம் அரை மணி நேரம் கொட்டித் தீர்த்தது. பத்து மணி சுமாருக்கு நாயை வெளியே விடலாம் என்று பின்கதவைத் திறந்தேன். விளக்குக்கு நேர் கீழே ஒரு கல். அங்கே கல் எப்படி வந்தது என்று குனிந்தால், கல் கண்ணைச் சிமிட்டுகிறது. கல்லுக்குள் தேரை என்பார்கள், இங்கே கல்லே தேரை.

என் உள்ளங்கையில் அடங்காது. ஆலிவ் பச்சை நிறம். நம் ஊர்த் தேரை மாதிரி முண்டும் முடிச்சுமாக இல்லை, பழைய தோல் பர்ஸ் மாதிரி வழவழவென்று இருக்கிறது. கடைவாய் ஓரத்தில் வெள்ளையாக ஒரு மரு. நான் நின்று பார்த்த நேரத்துக்குள் விளக்கில் மோதி விழுந்த நான்கு வண்டுகளை விழுங்கிவிட்டது. அதற்குள் மகள் (8 வயது) எழுந்து வந்து, "அப்பா, வச்சுக்கலாம்" என்று ஆரம்பித்தாள். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடித்துவிட்டேன். தூக்கும்போது அட்டை முழுக்க நனைந்துவிட்டது, அவ்வளவு தண்ணீரை விட்டது.

இப்போது வாளி கராஜில் இருக்கிறது. மூடியில் ஓட்டை போட்டு, உள்ளே ஈரத்துண்டு விரித்திருக்கிறேன். இதை வளர்க்க முடியுமா? என்ன சாப்பிடும்? வீட்டில் நாயும் குழந்தையும் இருக்கிறார்கள், பிரச்சினை வருமா?

---

டூசான்_தேவி | ஜூலை 10, அதிகாலை 12:06

குமரன், பதிலை முழுதாகப் படிப்பதற்கு முன் எழுந்து போய் வாளியை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஜூலை மாதத்துக் கராஜ் ராத்திரியிலும் அடுப்புதான். வெளியே மழை பெய்து குளிர்ந்தாலும் உள்ளே இருக்கிற காங்கிரீட் விடியும்வரை சூட்டைக் கக்கும்.

இரண்டாவது, அந்த வாளி புதியதா, பெயிண்ட் இருந்த வாளியா? பெயிண்ட் இருந்தது என்றால் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். துண்டையும் எடுத்துவிடுங்கள், துவைத்த சோப்பு அதில் இருக்கும். தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தொடைக்கு நடுவே அடிவயிற்றில் மெல்லிய தோல் இருக்கிறது, ஈரத்தின்மேல் அதைப் பரப்பி உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்ளும். நல்ல தண்ணீர் போகிற வழியில் சோப்பும் போகும். வெறும் காகிதத் துண்டைக் குளோரின் இல்லாத பாட்டில் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள், போதும்.

கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். இல்லாவிட்டால் அப்புறம் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், அதற்குள் கண்ணைத் தேய்க்காதீர்கள்.

நீங்கள் சொல்வது சோனோரப் பாலைத் தேரை. கொலராடோ ஆற்றுத் தேரை என்றும் பெயர். அந்த வெள்ளை மருவும் வழவழத் தோலும் போதும், அடையாளத்தில் சந்தேகமே இல்லை. கண்ணுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை மாதிரி பெரிய சுரப்பி இரண்டு, பின்னங்காலிலும் சுரப்பி இருக்கும். நஞ்சு அங்கேதான். அமெரிக்காவின் சொந்தத் தேரைகளில் மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று, 19 சென்டிமீட்டர் வரை போகும்.

அட்டையை நனைத்தது பயத்தில் மட்டும் இல்லை. மழையில் உறிஞ்சிய தண்ணீரைச் சிறுநீர்ப்பையில் சேர்த்து வைத்திருக்கும், வறண்ட நாளில் அதுதான் குடிதண்ணீர். நாம் தூக்கினால் கொட்டிவிடும். அதனால்தான் இவற்றைச் சும்மா சும்மா தூக்கக் கூடாது.

வளர்ப்பது பற்றிக் காலையில் எழுதுகிறேன். என்னிடம் ஒன்று இருக்கிறது.

---

ஜாலி_ஜம்பு | ஜூலை 10, காலை 6:40

அய்யய்யோ, இது அந்த நக்குற தேரைதானே? குமரன் அண்ணே, அடிச்சது லாட்டரி 😂

---

நெறியாளர் | ஜூலை 10, காலை 7:15

ஜம்பு, இதை ஒரே தடவை சொல்லி முடித்துவிடுகிறேன். நக்கினால் வருவது போதை இல்லை, ஆஸ்பத்திரி. அந்த நஞ்சில் இதயத்தைப் பிடிக்கிற பொருட்களும் இருக்கின்றன. நீங்கள் நினைக்கிற அந்தப் போதை வேதிப்பொருள் (5-MeO-DMT) 2011 முதல் அமெரிக்கச் சட்டத்தில், தடைசெய்த போதைப்பொருட்களில் ஹெராயின் இருக்கிற முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 நவம்பரில் அந்நாட்டுத் தேசியப் பூங்காத் துறையே "தயவுசெய்து தேரையை நக்காதீர்கள்" என்கிற பொருளில் முகநூலில் எழுத வேண்டி வந்தது, அரசாங்கத்துக்கு வந்த நிலைமையைப் பாருங்கள். நஞ்சுக்காகப் பிடிக்கிற கூட்டத்தால்தான் இந்த இனத்துக்கே இப்போது புதுத் தலைவலி.

இந்த இழை வளர்ப்பைப் பற்றியது. அந்தப் பேச்சு இத்துடன் போதும்.

---

கால்நடை_மலர் | ஜூலை 10, காலை 7:48

குமரன், நாய் என்ன வகை, என்ன எடை? நான் இந்த ஊரில் சிறு பிராணி மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். மழை தொடங்கிய முதல் வாரத்தில் ராத்திரி ஷிப்ட் முழுக்கத் தேரை கடித்த நாய்கள்தான்.

உண்மையில் தேரை கடிப்பதில்லை, நாய்தான் தேரையைக் கவ்வும். கவ்விய சில நிமிடங்களில் எச்சில் நுரையாகக் கொட்டும், ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவக்கும், தலையை ஆட்டிக்கொண்டு முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். அப்புறம் தள்ளாட்டம், அதற்கும் அப்புறம் வலிப்பு. சிறிய நாய் என்றால் நேரம் இன்னும் குறைவு.

செய்ய வேண்டியது: தோட்டக் குழாயை மெதுவாகத் திறந்து, வாயின் ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சி மறுபக்கம் வழிய விடுங்கள். தலை கீழ்நோக்கி இருக்க வேண்டும். தொண்டைக்குள் நேராக அடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய் அது வேறு ஆபத்து. நடுநடுவே ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் துடையுங்கள், வழுவழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது வந்துவிடும். ஐந்து பத்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு உடனே கிளம்புங்கள். தேறிவிட்டது போல் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போன் பண்ணிவிடுங்கள். சீக்கிரம் வந்த நாய்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. காலையில் பார்க்கலாம் என்று விட்டவைதான் போய்விடுகின்றன.

இன்னொன்று. நாயின் தண்ணீர்க் கிண்ணம் ராத்திரியில் வெளியே இருக்கிறதா? எடுத்துவிடுங்கள். தேரைக்கு அது நீச்சல் குளம், உள்ளே இறங்கி ஊறிவிட்டுப் போகும்.

---

சாண்ட்லர்_குமரன் | ஜூலை 10, காலை 8:30

தேவி அக்கா, நன்றி. வாளி புதியதுதான், துண்டை மாற்றிவிட்டேன். ராத்திரி குளியலறையில் வைத்துவிட்டோம். பிளாஸ்டிக்கில் முட்டி முட்டிச் சத்தம், யாரும் தூங்கவில்லை. மூக்கு நுனியில் லேசாகச் சிராய்ப்பு தெரிகிறது.

மலர் மேடம், பீகிள், 11 கிலோ, பெயர் பூரி. கிண்ணம் வெளியேதான் இருந்தது, இப்போது உள்ளே. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

மகள் அதற்குள் பெயர் வைத்துவிட்டாள். "அப்பளம்".

---

தேரிக்காட்டான் | ஜூலை 10, காலை 9:05

எங்கள் ஊர்ப் பக்கம் தேரிக்காடு, உடன்குடி சிவப்பு மணல். முதல் மழைக்கு அடுத்த ராத்திரி மணலுக்குள்ளிருந்து எத்தனை குரல் வரும் தெரியுமா? பகலில் போய்த் தோண்டினால் ஒன்றுகூட இருக்காது. "நுணலும் தன் வாயால் கெடும்" என்கிறோமே, அந்த நுணல் இப்படி மண்ணுக்குள் கிடக்கிற சாதிதான். கத்தினால்தான் மாட்டும்.

அப்பளம் வாய் திறந்ததா?

---

டூசான்_தேவி | ஜூலை 10, காலை 10:20

தேரிக்காட்டான், இந்த இனம் அந்த விஷயத்தில் புத்திசாலி. இவ்வளவு பெரிய உடம்புக்குக் குரல் கேவலம், தூரத்தில் கப்பல் ஊதுவது போல மெல்லியதாக ஒரு வினாடி, அவ்வளவுதான். ஆணைத் தூக்கினால் "என்னை விடு" என்கிற மாதிரி கொக்கரிக்கும். இது தன் வாயால் கெடுவதில்லை, நம் வீட்டு விளக்கால் கெடுகிறது.

சரி, வளர்ப்புக்கு வருவோம். என்னிடம் இருப்பவர் பெயர் தாத்தா. ஊர் மாறிப்போன ஒரு தோழி விட்டுச்சென்றார், என்னிடம் வந்து 11 வருடம். வரும்போதே முழு வளர்ச்சி. இந்த இனம் 10 முதல் 20 வருடம் வரை இருக்கும், அதனால் மகள் கல்லூரிக்குப் போகும்போதும் அப்பளம் உங்கள் வீட்டில் இருக்கலாம் என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

தொட்டி நான்கடி நீளம், இரண்டடி அகலம். 40 கேலன் (சுமார் 150 லிட்டர்) தொட்டியில் ஒன்றை வைக்கலாம் என்பார்கள், வைக்கலாம், ஆனால் இடம் கூடக்கூட நல்லது. உயரம் முக்கியம் இல்லை, மண்ணின் ஆழம்தான் முக்கியம். நான் 20 சென்டிமீட்டர் போட்டிருக்கிறேன். உரம் கலக்காத தோட்டமண், விளையாட்டு மணல், தேங்காய் நார்த்தூள், மூன்றும் கலந்தது. நார்த்தூள் கட்டி இங்கே செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும், தண்ணீரில் போட்டால் ஊறி உப்பும். முதல் தடவை வாங்கியபோது உறையில் "இலங்கைத் தயாரிப்பு" என்று இருந்தது. அரிசோனாத் தேரைக்கு நம் பக்கத்துத் தென்னையில் மெத்தை!

கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் வரக் கூடாது, கொழுக்கட்டை மாவுப் பதம். ஒரு மூலையை மட்டும் இப்படி ஈரமாக வைத்து மற்ற பக்கத்தைக் காயவிடுவேன், அவருக்கு வேண்டிய இடத்தை அவரே தேர்ந்துகொள்வார். பாலைவனத் தேரை என்றதும் முழுக்கக் காய்ந்த மணலில் போடுகிறார்கள், அதுதான் பெரிய தப்பு. பாலையில் வாழ்கிறது, ஆனால் பாலையின் ஈரத்தில்தான் வாழ்கிறது. மண்ணுக்கு அடியில், எலி வளைக்குள், கால்வாய் ஓரத்தில். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் அது வெளியுலகையே பார்ப்பதில்லை.

தண்ணீருக்கு அகலமான, ஆழமில்லாத மண் தட்டு. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பார்கள், சில ஊர்களில் குளோரமைன் போடுகிறார்கள், அது அப்படிப் போகாது. மீன் தொட்டிக்கு ஊற்றுகிற மருந்துத் துளியே இதற்கும் போதும். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், ஏனென்றால் அதுதான் அவருக்குக் கழிப்பறையும்.

வெப்பம் பகலில் 24 முதல் 29 டிகிரி, ராத்திரி 20 வரை இறங்கினால் தப்பில்லை. வெளியே 45 டிகிரியில் வாழ்கிற பிராணிக்கு இது என்ன குளிர் என்று தோன்றும். 45 டிகிரியில் அது வெளியே இருப்பதே இல்லை, அதுதான் விஷயம். இங்கே சூடுபடுத்துவது பிரச்சினையே இல்லை, குளிரவைப்பதுதான். மூன்று வருடத்துக்கு முன் ஜூலையில் எங்கள் ஏசி நின்றுபோனது. இன்றைக்கு வருகிறோம் என்று சொன்ன கம்பெனிக்காரர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள். நாங்கள் மோட்டல் அறைக்குப் போய்விட்டோம், தாத்தாவை ஒரு பெட்டியில் வைத்து அங்கேயும் தூக்கிப்போனேன். குளியல் தொட்டிக்குள் பெட்டி, பெட்டிக்கு வெளியே துணி சுற்றிய ஐஸ் பாட்டில்கள். அறையைச் சுத்தம் பண்ண வந்த பெண்மணி கதவைத் திறந்த வேகத்திலேயே மூடிவிட்டார்.

சாப்பாடு கரப்பான், கிரிக்கெட் பூச்சி, எப்போதாவது பச்சைக் கொம்புப் புழு. பெரிய தேரைக்கு வாரத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஆறேழு கரப்பான் போதும். வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், மருந்து தின்றதாக இருக்கும். வளர்ப்புக்கென்று விற்கிற துபியா கரப்பான் இருக்கிறது. போடுவதற்கு முன் பிளாஸ்டிக் பையில் சுண்ணாம்புச் சத்துப் பொடி போட்டு, பஜ்ஜிக்கு மாவில் புரட்டுவது போலக் குலுக்கிவிடுவேன். இயற்கையில் தேள், பூரான், சின்னப் பல்லி, சுண்டெலி, ஏன் இன்னொரு தேரையைக்கூடத் தின்னும். அதனால் சிறியதையும் பெரியதையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள். கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் உருண்டு பந்தாகிவிடும், கேட்காத நேரமே கிடையாது.

அது சாப்பிடுவதை மட்டும் மகளுக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். கரப்பான் அசைந்ததும் தலை மட்டும் அந்தப் பக்கம் திரும்பும், உடம்பு அப்படியே இருக்கும். அப்புறம் பின்னங்காலின் ஒரு விரல் மட்டும் துடிக்கும், மேசையில் ஒருவர் விரல் தட்டிக்கொண்டிருப்பது போல. டப்பென்று ஒரு சத்தம், கரப்பான் இருக்காது. விழுங்கும்போது இரண்டு கண்ணும் உள்ளே போய்விடும். கண்ணால் அழுத்தித்தான் தொண்டைக்குள் தள்ளுகிறது. 11 வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

மீதி நேரம் முழுக்க நீங்கள் வளர்ப்பது ஒரு தொட்டி மண்ணைத்தான். அக்டோபரில் இறங்கினால் தாத்தா எப்போது தலை காட்டுவார் என்று அவருக்கே தெரியாது.

---

கால்வாய்க்கரை_ரவி | ஜூலை 10, மதியம் 12:45

தேவி எழுதியதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் குமரனின் கேள்வி "எப்படி வளர்ப்பது" என்பது இல்லை, "இதை வளர்க்கலாமா" என்பது. என் பதில்: வேண்டாம்.

முதலில் சட்டம். அரிசோனாவில் காட்டுத் தேரையைப் பிடித்து வைத்துக்கொள்ள மாநில வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும், எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, விற்கக் கூடாது. பக்கத்து நியூ மெக்சிகோவில் இது ஆபத்தில் உள்ள இனங்களின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கலிபோர்னியாவில் கொலராடோ ஆற்றை ஒட்டி ஒரு காலத்தில் இருந்தது, இப்போது அங்கே அழிந்துவிட்டது என்றே கருதுகிறார்கள். ஆறு அதே ஆறுதான். அணை கட்டி, கரையை விவசாயமாக்கி, பூச்சிமருந்து அடித்த பிறகு தேரை போய்விட்டது.

இரண்டாவது, விடுவது. ஆறு மாதம் வளர்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் கால்வாயில் விட்டுவிடலாம் என்பது நடக்காது. கடையில் வாங்கிய பூச்சி, மற்ற பிராணிகளின் தொட்டி, நம் கை, எதிலிருந்தாவது கைட்ரிட் பூஞ்சை தொற்றியிருக்கலாம். உலகம் முழுக்கத் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கிற பூஞ்சை அது. ஒரு ராத்திரி வாளியில் இருந்ததை அதே வாசலில் விடுவது வேறு, மாதக்கணக்கில் வீட்டில் இருந்ததைக் கொண்டுபோய் விடுவது வேறு. இரண்டாவதற்கு அனுமதியும் கிடையாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இவ்வளவு பெரிய தேரை என்றால் பல மழையைப் பார்த்தது. எந்த வளையில் குளிர்காலத்தைக் கழிப்பது, முதல் இடிக்கு எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும், எல்லாம் அதற்கு அத்துப்படி. பெண்ணாக இருந்தால் ஒரு மழைக்கு 8,000 முட்டை வரை இடும், நீளமாகச் சரம் போல. அதில் ஒன்றிரண்டு பிழைத்தாலே பெரிது. அந்தப் பிழைத்த ஒன்றைத்தான் நீங்கள் வாளியில் வைத்திருக்கிறீர்கள்.

---

பீனிக்ஸ்_பிரபு | ஜூலை 10, மதியம் 1:30

ரவி சார், காடு காடு என்கிறீர்கள். குமரன் வீடு இருப்பது சாண்ட்லர் குடியிருப்பு மனைகளுக்கு நடுவே. மழை பெய்த மறுநாள் காலையில் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள், அப்பளம் என்று அந்தக் குழந்தை சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறது, தார் ரோட்டில் அப்படித்தான் கிடக்கின்றன. நீச்சல் குளத்தில் விழுந்து ஏற முடியாமல் செத்தவற்றை நானே வலையில் அள்ளியிருக்கிறேன். அங்கே ரோட்டில் சாவதைவிடத் தேவி அக்கா வீட்டுத் தொட்டியில் 20 வருடம் இருப்பது மேல் இல்லையா?

---

கால்வாய்க்கரை_ரவி | ஜூலை 10, மதியம் 2:10

பிரபு, நியாயமான கேள்வி. ஆனால் ரோட்டில் சாகப்போவது எது என்று நமக்குத் தெரியாது. உங்கள் வாசலுக்கு வந்ததைப் பிடித்து வைத்தால் ரோட்டில் சாவது ஒன்றுகூடக் குறையாது, குளத்தில் முட்டையிடுவது மட்டும் ஒன்று குறையும். நீச்சல் குளத்தில் ஒரு சாய்வுப் பலகையோ மிதவையோ கட்டிவிடுங்கள். அதற்குப் பத்து இருபது டாலர் ஆகுமா? அதில் ஏறிப் பிழைக்கிறவற்றை நீங்களே எண்ணலாம்.

---

பீனிக்ஸ்_பிரபு | ஜூலை 10, மதியம் 2:18

பலகை யோசனை நல்லது, செய்கிறேன். மற்றதில் எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. தேவி அக்காவுடையதும் காட்டில் பிடித்ததுதானே?

---

டூசான்_தேவி | ஜூலை 10, மாலை 5:55

ஆமாம். காட்டில் பிடித்ததுதான். யார் பிடித்தார்கள், எங்கே என்று எனக்குத் தெரியாது. விற்பனைக்கு வருகிற சோனோரத் தேரைகள் அநேகமாக எல்லாமே அப்படித்தான், தொட்டியில் இனப்பெருக்கம் செய்தவை மிக அரிது. தாத்தாவை நான் எடுத்துக்கொண்டது வேறு வழி இல்லாததால். விட முடியாது, தோழியால் வைத்துக்கொள்ளவும் முடியாது.

முதல் கோடையில் ஒரு ராத்திரி இடி இடித்தபோது கண்ணாடியில் மூக்கை வைத்து விடியும்வரை ஏறிக்கொண்டே இருந்தார். மறுநாள் மூக்கு நுனி உரிந்திருந்தது. மூன்று நாள் அந்தக் கண்ணாடியை உள்ளே அட்டை ஒட்டி மறைத்து வைத்தேன். இப்போது இடிக்கு வெளியே வருவார், உட்காருவார், அப்புறம் போய்விடுவார். பழகிவிட்டார் என்று சொல்லிக்கொள்கிறேன்.

குமரன், மூக்கில் சிராய்ப்பு என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு இதுதான் ஞாபகம். முழு வளர்ச்சியடைந்ததை எடுக்காதீர்கள்.

---

சாண்ட்லர்_குமரன் | ஜூலை 10, இரவு 9:47

விட்டுவிட்டோம்.

மகளிடம் விளக்கியது பெரும்பாடு. ரவி சார் சொன்ன உரிமம், பூஞ்சை எல்லாம் சொன்னேன், எடுபடவில்லை. "அதுக்கு வீடு தெரியும், நம்ம வாளிக்கு வழி தெரியாது" என்று மனைவி சொன்னதுதான் வேலை செய்தது. பூரியை அறையில் பூட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு அதே விளக்கின் கீழ் வாளியைச் சாய்த்து வைத்தோம். பத்து நிமிடம் அசையவே இல்லை. அப்புறம் குதிக்கவில்லை, நடந்தது, வயதானவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. வேலிக்கு அடியில் அரை அடி இடைவெளி இருக்கிறது, அதில் நுழைந்து போய்விட்டது. போகிற வழியில் ஒரு வண்டு. அதை விடவில்லை.

நாளை முதல் பூரிக்கு ராத்திரி வெளியே போகக் கழுத்து வாரும் டார்ச்சும். மகள் கேட்கிறாள், வேறு சின்னத் தேரை ஏதாவது வளர்க்கலாமா?

---

மழைப்பூச்சி | ஜூலை 11, காலை 8:12

சின்னத் தேரை என்றால் உங்கள் ஊரிலேயே வைரம் இருக்கிறது, மண்வெட்டிக்கால் தேரை. கூச்சின் மண்வெட்டிக்கால் என்று ஒரு வகை சாண்ட்லர் பக்கம் தாராளம். பின்னங்காலில் கறுப்பாகக் கதிரரிவாள் மாதிரி ஒரு கொம்பு, அதை வைத்துப் பின்பக்கமாகவே சுழன்று மண்ணுக்குள் இறங்கும். ஒரு நிமிடத்தில் ஆளைக் காணோம். கண்ணின் பாவை பூனை மாதிரி செங்குத்து. கத்தினால் ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரியே இருக்கும், முதல் தடவை கேட்ட என் அம்மா யாரோ ஆடு வளர்க்கிறார்கள் என்றே நம்பினார்.

இது காத்திருப்பது ஈரத்துக்கு இல்லை, அதிர்வுக்கு. இடியும் மழையும் மண்ணைத் தட்டுகிற தாழ்ந்த சத்தம்தான் எழுப்புகிறது. 1980இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மோட்டார் அதிர்வை மட்டும் கொடுத்தே இவற்றை வெளியே வரவழைத்துக் காட்டினார்கள். வந்த ராத்திரியே ஜோடி சேர்ந்து முட்டை. குட்டை காய்வதற்குள் தலைப்பிரட்டை தேரையாகிவிட வேண்டும், சூடான தண்ணீரில் எட்டொன்பது நாளில் முடித்துவிடும். மழைக்குக் கிளம்புகிற ஈசலை ஓரிரு ராத்திரி வயிறு முட்டத் தின்றால் மறு வருடம்வரை தாங்கும். நம் ஊரில் ஈசலை வறுத்துப் பொரியோடு தின்ற கை எனக்கு, அதனால் அதன்மேல் தனிப் பாசம்.

இதையும் பிடிக்க உரிமம் வேண்டும். பிடிக்காமலே மகளுக்குக் காட்ட வழி சொல்கிறேன். அடுத்த பெருமழைக்கு மறுநாள், காலி மனையில் தேங்கிய தண்ணீரைக் குறித்து வையுங்கள். தினமும் சாயங்காலம் பத்து நிமிடம் போய்ப் பாருங்கள். முதல் வாரம் கறுப்புப் புள்ளி, அப்புறம் கால், அப்புறம் விரல் நகம் அளவுத் தேரைகள் சேற்றில் எறும்பு மாதிரி. எந்தத் தொட்டியிலும் இவ்வளவு வேகமாக எதுவும் நடக்காது.

---

ஜாலி_ஜம்பு | ஜூலை 11, காலை 9:00

பிக்சி தவளை வாங்கிடுங்கண்ணே. ஆப்பிரிக்கா சரக்கு, அதுவும் மண்ணுக்குள் தூங்குற பார்ட்டிதான். பண்ணையில் பொரித்ததே கிடைக்கும், காட்டைத் தொட வேண்டாம். (இந்தத் தடவை சீரியஸாத்தான் சொல்றேன்.)

---

டூசான்_தேவி | ஜூலை 11, காலை 9:35

ஜம்பு சொல்வதில் இந்தத் தடவை விஷயம் இருக்கிறது. வளர்ப்பில் பிறந்தது வேண்டும் என்றால் அதுதான் எளிது, மண், ஈரம், சாப்பாடு எல்லாம் ஏறக்குறைய நான் எழுதியதேதான். ஆனால் குட்டியாக வாங்கும்போது பத்து ரூபாய் நாணயம் மாதிரி இருப்பது, ஆண் என்றால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். கடிக்கும். கீழ்த்தாடையில் பல் மாதிரி இரண்டு முனை இருக்கிறது, விரலைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு யோசிக்கும். 20 வருடக் கணக்கு இதற்கும் உண்டு. குழந்தை கொஞ்சுகிற பிராணி இல்லை, பார்க்கிற பிராணி.

---

சாண்ட்லர்_குமரன் | ஆகஸ்ட் 3, இரவு 10:30

சின்னத் தகவல். பிக்சி வாங்கவில்லை, இப்போதைக்கு. தெருமுனைக் காலி மனையில் ஜூலை 24 மழைக்குப் பிறகு குட்டை நின்றது. மழைப்பூச்சி சொன்னபடி மகளும் நானும் தினமும் போனோம். அவள் ஒரு நோட்டில் படம் வரைந்து தேதி போட்டாள். எட்டாம் நாள் குட்டையில் பாதி காய்ந்து, மீதி வெறும் சேறு. ஒன்பதாம் நாள் சேறு முழுக்கக் குட்டித் தேரைகள், வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தவைகூட ஏறி வந்துவிட்டன. ஒன்று அவள் செருப்பின் வாரில் உட்கார்ந்துகொண்டது. இறக்கிவிடும்வரை மூச்சுகூட விடவில்லை அவள்.

அப்பளம் இதுவரை மூன்று ராத்திரி வந்துவிட்டது. அதேதான் என்பதற்கு மூக்குத் தழும்பு சாட்சி. பூரி ஒரு தடவை வாரை இழுத்துக்கொண்டு பாய்ந்தான், ஓரடி தூரத்தில் நிறுத்திவிட்டேன். அது நகரவில்லை, உடம்பை ஊதிப் பெரிதாக்கித் தலையைக் கீழே சாய்த்து அந்தச் சுரப்பியை அவன் பக்கம் காட்டியது, வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

---

கால்நடை_மலர் | ஆகஸ்ட் 4, காலை 7:20

அந்த வாரைக் குட்டையாகப் பிடியுங்கள் குமரன். நீள்கிற வகை வார் என்றால் ராத்திரிக்கு அது வேண்டாம். பின்வாசல் விளக்கை மஞ்சள் பல்பாக மாற்றினால் பூச்சி குறையும், தேரை வருவதும் குறையும். மகள் சம்மதித்தால்.

---

சாண்ட்லர்_குமரன் | ஆகஸ்ட் 4, காலை 7:41

சம்மதிக்கவில்லை. பூரியை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறேன்.

---

தேரிக்காட்டான் | ஜனவரி 15, காலை 6:10

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். தேவி அக்கா, தாத்தா எப்படி இருக்கிறார்?

---

டூசான்_தேவி | ஜனவரி 15, இரவு 8:02

அக்டோபர் 20 தேதி வாக்கில் இறங்கினார், அதிலிருந்து ஆளைப் பார்க்கவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஈர மூலையில் அரை டம்ளர் தண்ணீர் தெளிக்கிறேன், தட்டுத் தண்ணீரையும் மாற்றிவைக்கிறேன். நேற்று மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விரிசல், காலையில் அது கொஞ்சம் நகர்ந்திருந்தது.